அளவு நோட்டு

சனிக்கிழமை ராத்திரியே உளுந்து ஊறப் போட்டுவிடுவேன்.
ஞாயிறு காலை ஆராதனை முடிந்து
புடவையை மாற்றிக்கொண்டு
காசிமேட்டுச் சங்கராவை அலசும்போது
ஐந்து பேரா, ஏழு பேரா என்று
மீனிடம்தான் கேட்க வேண்டும்.
போனில் கேட்டால் "பாக்கலாம்மா" என்பார்கள்.
பாக்கலாம் என்றால் எத்தனை துண்டு?

வருவார்கள்.
வந்ததும் தையல் மெஷின் மேல் ஹெல்மெட் வைப்பார்கள்.
சொல்லி அலுத்து
இப்போது அதற்கென்றே ஒரு துண்டை மடித்துப் போட்டிருக்கிறேன்.

மிளகாய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
டேப்பை எடுப்பேன்.
ஒவ்வொருவராக ஃபேனுக்குக் கீழே நிற்க வேண்டும்.
மூச்சை இழுக்காதே பெனிட்டா,
தைத்த பிறகு விடத்தானே போகிறாய்.

பால் கார்டு காலத்து நோட்டு.
ஆல்வின், அரை டிராயர், இடுப்பு இருபத்திரண்டு.
அதே பக்கத்தில், பேனா மாறி, முப்பத்திநாலு.
அப்புறம் ஒரு வருஷம் மட்டும் முப்பது.
வேலை போனதை அவன் சொல்லவில்லை,
பேண்ட்டைப் பிடித்துத் தரச் சொன்னான்.
பிடித்துத் தந்தேன்.
தட்டில் ஒரு துண்டு கூடப் போட்டேன்.
இன்றைக்கு முப்பத்தெட்டு. பேச்சும் அதிகம்.

ஜெபசீலிக்கு மார்பளவு ஓர் அங்குலம் கூடியபோது
நாள் தள்ளியது அவளுக்கே தெரியாது.
பென்சிலால் எழுதிவைத்தேன்,
அழிக்க வேண்டி வந்தால் என்று.
அழிக்க வேண்டி வந்தது.
மறு வருஷம் பேனாவால் எழுதினேன், பிடிவாதமாக.
அவன்தான் கட்டிலுக்கு அடியில்
பாபினை உருட்டிக்கொண்டிருக்கிறான்.

அவர் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.
காலர் பதினைந்தரை, கை இருபத்துநாலு.
பெட்டி செய்கிறவர் உயரம் கேட்ட அன்றைக்கு
நோட்டைப் பார்க்காமலே சொன்னேன்.

இந்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும்
வண்ணாரப்பேட்டையில் எடுத்த பூப்போட்ட காட்டனை விரித்தேன்.
"யாருக்கும்மா?"
எனக்கு.
நைட்டி. இரண்டு பக்கமும் பாக்கெட்.
சாவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று.

எனக்கு நோட்டில் பக்கம் கிடையாது.
பழைய நைட்டியைத் துணிமேல் போட்டு
அப்படியே வெட்டிக்கொள்வதுதான் வழக்கம்.
அது நாற்பத்தைந்து வயசில் தைத்தது,
அக்குளில் பிடிக்கிறது.
தன் தோளைத் தானே அளக்கவும் முடியாது.

ஜெபசீலி பாத்திரம் தேய்க்கிறாள்.
பெனிட்டா தூங்குகிறாள்.
லாரி வந்ததென்று ஆல்வின் குடத்தோடு கீழே ஓடியிருந்தான்.
மிச்சம் மாப்பிள்ளை கிருபாகரன்,
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவர்.
பத்து வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது
"போதும் அத்தே",
"வேணாம் அத்தே",
"கிளம்புறோம் அத்தே."

டேப்பை நீட்டினேன்.
பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.
சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி
ஒரு முனையை என் இடது தோளில்
வைத்தும் வைக்காமலும் நின்றார்.
"எலும்பு முடியற இடம்" என்றேன்.
"இங்கயா அத்தே?"
"இன்னும் கொஞ்சம் வெளிய."
ஃபேன் காற்றில் டேப் படபடத்தது.

"மூச்ச விடுங்க அத்தே."

பிடித்திருந்தேனா?

"பதினாலு."
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து,
"இல்ல. பதினாலே கால்."
அந்தக் காலை விடாத மனுஷன்
என் குழம்பில் உப்புக் குறைந்ததையும்
இத்தனை வருஷம் கவனித்திருப்பார்.

காலிப் பக்கத்தைத் திறந்து
நீங்களே எழுதுங்கள் என்றேன்.
கன்டெய்னர் எண் மாதிரி பெரிசாக எழுதினார்.
எழுதிவிட்டு மேலே, பெயர் போடுகிற இடத்தில்,
பேனாவை நிறுத்திக்கொண்டு நின்றார்.
"அத்தை" என்று எழுதலாமா என்பது
முகத்தில் தெரிந்தது.

"சொர்ணமணி."

கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயர்தான்.
யாராவது கூப்பிட்டுப்
பதிமூன்று வருஷம் ஆகிறது.

சொ, ர் என்று எழுதியவர் தலையைத் தூக்கி,
"மூணு சுழியா, ரெண்டு சுழியா அத்தே?"

முதலில் மூணு, என்றேன்.
கடைசியிலும் மூணு.