கையுறை அளவு

இரவு இரண்டரைக்கு எழுந்து
சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போகிறவள் நான்.
வலக்கையில் கத்தி, இடக்கையில் சிப்பி.
எடாஜிமாவில் முப்பது பனிக்காலமாக
இதே ஏற்பாடு.

மார்பை எடுத்தார்கள்.
அக்குளில் பதினெட்டுக் கணுக்களையும் எடுத்தார்கள்.
கணு என்றால் மூங்கிலில் இருப்பது
என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் இடக்கையுறை ஏறவில்லை.
எம் அளவு எல் ஆனது.
எல், ஆண்கள் போடும் எல்எல் ஆனது.
ஒற்றைக் கைக்கு உறை விற்பதில்லை எந்தக் கடையிலும்.
மிஞ்சிய வலக்கையுறைகள்
பெட்டியில் சேர்ந்துகொண்டே போயின.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள்.
என் கைக்குக் கண்ணாடி போதவில்லை.
விரலிடுக்கில் மருந்து குத்தி
விளக்கை அணைத்து
வேறொரு கண்ணால் பார்த்தார்கள்.
கோடாக ஏறவேண்டிய நிணநீர்
முழங்கையைத் தாண்டியதும் வழி தெரியாமல்
பொடிப்பொடியாய் மின்னிக்கொண்டிருந்தது.
"நட்சத்திரத் தூள், அப்படித்தான் சொல்வோம்"
என்றார் டாக்டர் தொமிஹிசா.
வீங்கிக் கிடப்பதற்கு
இவ்வளவு அழகான பெயரா என்று
எரிச்சல் வந்தது எனக்கு.

தாளின் பின்பக்கம் படம் வரைந்தார்.
நிணநாளத்தைச் சிரையோடு சேர்த்துத் தைக்கலாம்.
அல்லது, இடுப்போரத்துக் கணுக்களை
ரத்தக்குழாயோடு பெயர்த்து அக்குளில் நடலாம்.
இது எனக்குச் சட்டென்று புரிந்தது:
குஞ்சுச் சிப்பிகளைக் கரையோரத்தில் அவிழ்த்து
ஆழத்தில், மிதவைக்கடியில் கட்டுவோமே, அது.
கட்டியதெல்லாம் பிழைக்காது.
"எடுத்த இடத்தில் கால் வீங்கினால்?"
"வீங்கலாம்" என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை நம்பினேன்.
நீர் கொழுப்பாகவே இறுகிவிட்டால்
உறிஞ்சி எடுப்பதும் உண்டாம்.
நான் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லையாம்.

முதலாவதைக் கேட்டேன்.

கையை மரக்கவைத்தார்கள்; என்னை அல்ல.
அரை மில்லிமீட்டர் நாளம்.
இமைமுடியைவிட மெல்லிய ஊசி.
நூல் இருக்கிறதென்று அவர்கள் சொல்லித்தான் தெரியும்.
அவர் மூச்சை நிறுத்தும்போதெல்லாம்
நானும் நிறுத்தினேன்.
நான்கு மணிநேரம் இருவரும்
ஒரே கடலில் முங்கி முங்கி எழுந்தோம்.

கவ்வியை எடுத்தார்.
திரையில், சிரைக்குள் இருந்த சிவப்பு
வெளிறியது,
இன்னும் வெளிறியது,
தெளிந்தது.
ஆறு வருடம் அடைபட்டுக் கிடந்த நீர்
ரத்தத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு
நெஞ்சுப் பக்கமாய் நடந்தது.
பேசக்கூடாது என்றிருந்தார்கள்.
பேசவில்லை. அழுதால் கை குலுங்கும்,
அதையும் செய்யவில்லை.

மறுபனிக்காலம்
என் பக்கத்துப் பலகை ஷிஹோவுக்கும் கட்டி.
கணுக்களை எடுத்த அன்றே, அதே மயக்கத்தில்,
அறுபட்ட நாளங்களைச் சிரைக்குள் செருகித்
தைத்துவிட்டார்களாம்.
வெள்ளம் வருமுன்னே வடிகால்.
வீங்கவே வீங்காது என்று
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
ஆனாலும் அவள் இடக்கையும் வலக்கையும்
ஒரே ஜோடி உறைக்குள் போகின்றன.
"நல்லதாயிற்று" என்றேன்.
பொறாமையைக் காலி ஓட்டோடு சேர்த்துக்
கூடையில் எறிந்தேன்.
கூடைக்குள் தங்கவில்லை அது.

எனக்கு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.
இரண்டு குறையவில்லை.
இறுக்குச்சட்டை இன்னும் பகலெல்லாம் உண்டு.
ஓடு கீறினால் கிருமி ஏறும்,
காய்ச்சல் தூக்கிப்போடும்,
வேலையை விட்டுவிடுங்கள் என்றார் தொமிஹிசா.
மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

கத்தியை இடக்கைக்கு மாற்றினேன்.
கீறல் வாங்குவது இனி வலக்கை.
முதல் வாரம் சின்னப்பிள்ளை எழுத்துப் போல
உடைந்தன சிப்பிகள்.
ஷிஹோ என்னை முந்துகிறாள், முந்தட்டும்.

ஓடு உரசி உரசி
வலக்கையுறைதான் இப்போது கிழிகிறது.
பெட்டியைத் திறந்தேன்.
எல்லாம் எல்எல். தொளதொள.
உள்ளே இரண்டு கம்பளி உறை போட்டால்
சரியாகிவிடுகிறது.
எண்ணிப் பார்த்தேன்:
இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது.