சிற்றுண்டி வழங்கப்பட்டதா

விமானம் இருக்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எண்ணெய் குடித்து, முகம் கழுவி,
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்கிறது.
கௌனாஸ் நகரத்து நவம்பர் மழை
அதன் இறக்கை வழியே ஒழுகுகிறது.
நூற்று எண்பத்தாறு இருக்கைக்கும் ஆள் வந்தாயிற்று.
முன்னால், வானம் முழுதும் தெரிகிற இடத்தில்
இரண்டு இருக்கை மட்டும் காலி.

அதை நான் சொல்லக் கூடாது.
'செயல்பாட்டுக் காரணங்களால்' என்றுதான் சொல்ல வேண்டும்,
லித்துவேனிய மொழியில் ஒரு முறை,
ஆங்கிலத்தில் ஒரு முறை.
மூன்றாம் முறை சொல்லும்போது அந்தச் சொல்
துப்ப இடமில்லாத சூயிங்கம்.

விமானிகள் எங்கே என்கிறார்கள்.
எங்கேயாவது இருப்பார்கள்.
கோடை முழுக்க ஓட்டியவர்களின் விடுப்பையெல்லாம்
யாரோ ஒருவர் அட்டவணையில் பின்னால் தள்ளி
தள்ளியதை மறந்துவிட்டார்.
நான்கு பேர் பாலைவன தேசத்துக் கம்பெனிக்குப் போனார்கள்.
அங்கே சம்பளத்துக்கு வரி கிடையாதாம்.
ஒருவர், எனக்குத் தெரிந்தவர்தான்,
விதிப்படி உறங்கிக்கொண்டிருக்கிறார்.
உறங்கட்டும்.
உறங்காதவர் ஓட்டினால்
நானே ஏற மாட்டேன்.

வரிசையில் பதினேழாவது ஆள் கின்டாவ்தாஸ்.
கறுப்புக் கோட்டில் விலைச்சீட்டு கட்டிய நூல்
இன்னும் தொங்குகிறது.
'பெர்கனுக்கு அடுத்தது செவ்வாய்க்கிழமை' என்றேன்.
'நாளை பதினொரு மணிக்குத் தம்பியை எரிக்கிறார்கள்' என்றார்,
பல் மருத்துவரிடம் நேரம் மாற்றிக் கேட்பவர் போல.
'செவ்வாய்க்கிழமை அவன் இருக்க மாட்டான்.'

படிவத்தை நீட்டினேன்.
ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் என்றால்
இருநூற்றைம்பது யூரோ.
வரைபடத்தில் நூல் பிடித்து அளப்பார்கள்.
தேனிலவுக்குப் போனாலும் அதே தொகை,
மீன் வெட்டப் போனாலும் அதே.
எதற்குப் போகிறீர்கள் என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
அவர் தேடினார்.
திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

உணவுச் சீட்டு கொடுத்தேன், ஆளுக்கு ஐந்து யூரோ.
இருக்கிற ஒரே காபிக் கடை
ஒன்பதரைக்கே ஷட்டரை இறக்கியிருந்தது.
சீட்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டர் முன்னால்
ஒரு சிறு வரிசை, ஏனென்று தெரியாமல்.

வைதிலே என்ற பெண் மட்டும் திட்டவில்லை.
இடுப்புயரப் பெட்டி ஒன்று வைத்திருந்தாள்.
அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம்,
அதற்காக ஷகோடிஸ்:
சுழலும் கழியில் மாவை ஊற்றி ஊற்றி
நெருப்பில் வளர்க்கிற கேக்,
முள்முள்ளாய்க் கிளைவிட்ட மஞ்சள் மரம்.
உடைந்துவிடும் என்று அதற்குத் தனி இருக்கை வாங்கியிருந்தாள்.
'கேக்குக்கும் இழப்பீடு உண்டா?'
விளையாட்டில்லை. கேட்கத்தான் கேட்டாள்.
நானும் விதிகளைப் புரட்டினேன்.
பயணி என்றால் உயிரோடு இருக்க வேண்டும்
என்று எங்கும் எழுதவில்லை;
எழுதாமலே அப்படித்தான்.

பின்னிரவு ஒரு மணி.
பெட்டியைத் திறந்து, உச்சியிலிருந்து
உடைக்கத் தொடங்கினாள்.
முதல் சத்தத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.
பிறகு உடைகிற சத்தம் மட்டும்.
சிமென்ட் தரையில் படுத்திருந்த கட்டட வேலைக்காரர்கள்,
தாய் தோளில் தூங்காத ஒரு பயல்,
துடைப்ப வண்டியோடு வந்த நியோலெ,
கறுப்புக் கோட்டுக்காரர்.
சீருடையில் இருக்கும்போது
பயணிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது.
வாங்கினேன்.
வெண்ணெயும் லேசான புகையும்.

பணம் பதினோரு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்ததாம்.
அதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி
படிவத்தின் நகல் என் மேசைக்கு வந்தது.
'சிற்றுண்டி வழங்கப்பட்டதா?'
கின்டாவ்தாஸ் பொய் சொல்லத் தெரியாதவர்.
'ஆம்' என்பதைச் சுழித்து
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
ஒரு கிளை.

அந்த 'ஆம்' என்பதை
கம்பெனி தன் கணக்கில்
வரவு வைத்துக்கொண்டது.