சுவர் ஸ்டாண்டல்ல

புளியரையில் ஆனி பிறந்தால்
செக்போஸ்டில் நிற்காமல் வரும் காற்று.
போன வருஷம் சுவரில் சாய்த்திருந்த கிட்டாரை
ஒரே தள்ளு.
கழுத்தில் விரிசல்.
புனலூரில் ஒட்டினேன், ஆயிரத்து எண்ணூறு.

ஒட்டித் தந்த சாஜன் சொன்னான்:
"சேச்சி, சுவரு ஸ்டாண்டல்ல கேட்டோ."
அவன் கடையிலேயே மூன்று வகை.
மடித்தால் பைக்குள் போவது
ஊதினால் விழும்போல் இருந்தது.
கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடுவதை
விலை கேட்டதும் விட்டேன்.
மூன்றாவதைத் தரையில் வைத்து
முழங்கையால் இடித்தேன்.
அவன்தான் பதறினான், அது அசையவில்லை.

கறுப்பு நுரை பாலீஷைத் தின்னுமாம்;
பெனடிக்டின் பழைய பனியனைக் கிழித்துச் சுற்றினேன்.
கால்களை முழுக்க விரித்து
ஜன்னலும் ஃபேனும் எட்டாத மூலையில் வைத்தேன்.
கழுத்துப் பட்டையை மாட்டினேனா என்று
படுத்தபின் ஒருதரம் எழுந்து பார்ப்பேன்.
கேஸை மூடினேனா என்று
அப்படி எழுந்ததில்லை.

நேற்று ராத்திரி கரண்ட் போய்க் காற்று வந்தது.
குடை விழுந்தது. காலண்டர் விழுந்தது.
சுவரோரம் சுருட்டி நிறுத்திய பாய் விழுந்தது.
இருட்டில் காதைத் தீட்டிக் கிடந்தேன்.

தடித்த தந்தி மட்டும்
யாரும் தொடாமல்
ஒரு முறை
மெல்ல.