ஓடை வற்றிய ஆண்டு

மண்ணுக்கடியில் யாரோ மத்தளம் தட்டுகிறார்கள்.
தூத்து. தூத்து. தூத்து.
கொரியெந்தெஸ் சீமையில் அந்த ஓசையே பெயர்:
அங்குயா தூத்தூ.
எனக்கு அது எண்.

ஓடைக்கு மேற்கே நாற்பத்திரண்டு,
கிழக்கே ஐம்பது,
நடுவே இருபதடித் தண்ணீர்.
உள்ளங்கை நீள உயிருக்கு அது சமுத்திரம்.
ஒரே ரோமம். ஒரே பல்,
கேரட் நிறத்தில், மண்ணைக் கடித்தே தேய்ந்து
தேயத் தேய வளர்வது.
குரோமோசோமை எண்ணிப் பார்த்தால்தான்
அண்ணன் தம்பி எப்போதோ
பாகம் பிரித்துக்கொண்டது தெரியும்.

பரானா நதி முன்பு இந்தப் பக்கம் ஓடியது.
அது புரண்டு படுத்ததில்
மிஞ்சியவை இந்த மணல்மேடுகள்.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இவை அதோடு நிற்கவில்லை.
தனி வளை, தனி மேடு, பிறகு தனி ரத்தம்.
ஒரு மேட்டில் ஒரு குரோமோசோம் முறிந்து இரண்டானது,
வேறொரு மேட்டில் இரண்டு ஒட்டி ஒன்றானது.
யாருக்கும் வலிக்கவில்லை.
புல் தின்றன, குட்டி போட்டன.
கூட்டம் சிறிதென்றால்
பிழையே ஊர்வழக்கம் ஆகிவிடும்.

எண்ணும் விதம் இது:
செல் இரண்டாகப் பிரியப் போகும் நொடியில்
மருந்திட்டு நிறுத்த வேண்டும்.
ஒன்றாகவும் இல்லாமல் இரண்டாகவும் இல்லாமல்
கண்ணாடித் தகட்டில்
ஊதாநிறத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும்.
அதற்கு எலும்பு மஜ்ஜை வேண்டும்.
எலி மிஞ்சாது.
பதினோரு ஆண்டுகளில்
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை செய்திருக்கிறேன்.

இந்த ஆண்டு மழை இல்லை.
ஓடைப் படுகையில் நிமியா ஒஹேதா
மரவள்ளி நட்டாள்.
"உன் எலிகள் என் கிழங்கைத் தின்கின்றன.
நாற்பத்திரண்டோ ஐம்பதோ,
பசி ஒன்றுதான்."
பைன் கம்பெனியிலிருந்து எலாடியோ வந்தான்,
முத்திரை குத்திய கடிதத்தோடு.
மேற்கு மேட்டில் இருப்பது தனி இனமா?
ஆம் என்றால் பாதியோடு நிறுத்துவார்கள்.
இல்லை என்றால் மீதியும் உழவு.

வியாழன் காலை, படுகையில் வைத்த பொறியில்
ஒரு பெண் எலி.
மேற்கின் முதுகு நிறம், கிழக்கின் முகவாய்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
நாற்பத்தாறாக இருக்கலாம்.
கலந்து பிறந்தவை கோவேறு கழுதைபோல்
குட்டி ஈனாது என்று
இரண்டு கட்டுரைகளில் எழுதியவள் நான்.
வயிற்றைத் தொட்டேன்.
உள்ளே இரண்டு முண்டின.

ஊசி பையில் இருந்தது.
அந்த நேரம் நிமியா ஏதோ சொன்னாள்
என்று எழுத ஆசைதான்.
சொல்லவில்லை. மாட்டுக்கொம்புக் குவளையில்
ஐஸ் மிதக்கும் தெரெரேயை நீட்டினாள்,
நான் குடித்தேன்,
கை நடுங்கவில்லை.
காதுமடலில் எள்ளளவு நறுக்கிக்கொண்டு
எலியை விட்டுவிட்டேன்.
பின்னங்காலால் மண்ணை உதைத்து மூடியபடி
அது உள்ளே போயிற்று.

அந்த எள்ளளவை ஆய்வகத்தில் வளர்த்தோம்.
மூன்றாம் வாரம் பூஞ்சை பிடித்தது.
குறிப்பேட்டின் முந்நூற்றுப் பதின்மூன்றாம் வரியில்
இடம், தேதி, எடை எல்லாம் உண்டு,
எண் இல்லை.
கம்பெனிக்கு அதையே எழுதினேன்: எண்ண முடியவில்லை.
எண் வரும்வரை காத்திருப்போம் என்று
பதில் வந்தது,
பாதி மேட்டை உழுத பிறகு.

நவம்பரில் நிமியா ஒரு சீட்டு அனுப்பினாள்.
பென்சில் எழுத்து. எடைக்கல் இல்லாததால்
மூடு கணக்கு.
மரவள்ளி, ஆறு மூடு நஷ்டம்.
கடித்த தடம் மூன்று அளவு:
ஒன்று பெரிது,
இரண்டு மிகச் சிறிது.
காசைக் கையோடு கொண்டு வரவும்.