இறுதிச் சடங்கு நிதியிலிருந்து ஒரு முன்பணம்

விண்ணப்பத்தில் நான்காம் கேள்வி பிறந்த வருஷம்.
பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனேன்.
தொண்ணூற்று நாலில் நின்றுவிட்டது.
இந்த நாட்டில் எல்லோரும் வரிசையில் நின்று
ஓட்டுப் போட்ட வருஷம்.
அதற்கு முன் யாரும் பிறக்கவில்லை போலும்.

இருபத்தாறு வருஷமாக
டூசி ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து
கிருமி எண்ணுகிறவள் நான்.
மழைக்கு மறுநாள் எண்ணிக்கை எகிறும்.
எழுதி மேலே அனுப்புவேன்.
மேலே ஒரு அலமாரி இருக்கிறது.
ஏன் எகிறுகிறது, எந்தக் கரையில், எந்தக் குழாய் உடைந்து
என்று கேட்க முதுகலைப் பட்டம் வேண்டுமாம்.
கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியபோது
எனக்கு ஐம்பத்தொன்று.

முதல் உதவித்தொகை, முப்பதுக்குள்.
இரண்டாவது முப்பத்திரண்டு. பெருந்தன்மை.
மூன்றாவது வயதே கேட்கவில்லை.
நம்பி, இரவு பதினொன்றுவரை நிரப்பினேன்.
ஐந்தாண்டு கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்
என்ற இடத்தில் கரண்டு போயிற்று.
இருட்டில் உண்மையான பதில் வந்தது:
மூட்டு டாக்டரின் வாசலில்.
கரண்டு வந்ததும் வேறொன்று எழுதினேன்.
அதற்கும் பதில் இல்லை.

நகராட்சியில் படிப்புதவிக்குப் பொறுப்பு ஒரு சின்னப் பையன்,
மரியாதையான பையன், நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"ஆன்ட்டி, ரிட்டயராக ஒன்பது வருஷந்தான்.
போடுற காசு திரும்பி வருமா?"
இதையேதான் அப்பாவும் கேட்டார்,
இவ்வளவு நயமாக அல்ல,
செருப்பு ஆலையில் ஆள் குறைத்த வருஷம்.
தம்பிக்கு ஃபீஸ் கட்டினார்கள்.
அவன் பெர்த்தில் நன்றாக இருக்கிறான்.
கேட்டால் அனுப்புவான்.
நான் கேட்கவில்லை.

டாக்டர் இங்கிடி என்னைவிடப் பதின்மூன்று வயது சிறியவள்.
என் கணக்கேடுகளைப் புரட்டிவிட்டு,
"இதையெல்லாம் யாருக்கும் காட்டாமலா வைத்திருந்தீர்கள்?" என்றாள்.
காட்டினேன், அலமாரிக்கு.
வாரம் இரண்டு மாலை ஆய்வகத்தில்
புட்டி கழுவி அடுக்கினால் பாதிக் கட்டணம் தள்ளுபடி.
கழுவத் தெரியும்.
மீதிப் பாதி?

நார்த்டேலில் எங்கள் இறுதிச் சடங்குச் சங்கம்
மாதத்தின் மூன்றாம் ஞாயிறு கூடும்.
நூற்றியிருபது ராண்டு வீதம் பத்தொன்பது வருஷம்
ஒரு மாதம் தவறாமல் என் சாவுக்குக் கட்டியிருக்கிறேன்:
பெட்டி, பூ, இரண்டு பஸ், வந்தவர்களுக்குப் பருப்பும் சோறும்.
எழுந்து நின்று சொன்னேன்:
"என் பங்கில் பாதியை இப்பவே குடுங்க."

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.
செயலாளர் பூபாலன் படையாச்சி
விதிப்புத்தகத்தை இரண்டு முறை பார்த்தார்.
"நீங்க செத்தாத்தான் தரலாம்," என்றார்,
நிஜமாகவே வருத்தத்தோடு.
பொருளாளர் லோகாம்பாள் ரெட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
"செத்தப்புறம் யாராவது படிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

கை தூக்கினார்கள்.
ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு நாலு,
ஒருவர் தூங்கிவிட்டிருந்தார்.
எந்தத் தலைப்பில் பதிவது என்பதில்தான் அரைமணி நேரம் போனது.
மரணம் இல்லை. விபத்து? சிலர் ஆம் என்றார்கள்.
கடைசியில் "இதர" என்று எழுதி, ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்:
படிப்பு முடியுமுன் செத்தால் ஒரு பஸ்தான்.
கையெழுத்துப் போட்டேன்.
வருகிறவர்கள் நெருக்கி உட்காரட்டும்.

பிப்ரவரியில் விடியவிடிய மழை.
பாலத்துக்குக் கீழே, முட்டி கெஞ்ச, குனிந்தேன்.
நகராட்சி எண் எழுதும் லேபிளில் முதல்முறையாக
த. மூட்லி என்று எழுதி, மேலே ஊதினேன்,
மை காயட்டும் என்று.
இரண்டாம் வருஷத்துக்கு இன்னும் வழியில்லை.
தண்ணீர் பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.