பதினான்காம் வளைவு

நாலுக்கு எட்டடி துத்தநாகத் தகடு
சூரமங்கலத்திலிருந்து
குட்டி ஆட்டோவில் நின்றபடியே வந்தது,
வழியெல்லாம் சேலத்தை
இடவலம் மாற்றிக் காட்டிக்கொண்டு.

இவ்வளவு பெரியதை அமிலத்தில் இறக்கத்
தொட்டி இல்லை எங்களிடம்.
செங்கல் அடுக்கி, ஜவ்வரிசி ஆலையில்
கிழங்குமாவை மூடும் தடித்த பாலித்தீனை
மூன்றாக மடித்து விரித்தோம்.

அமிலம் செவ்வாய்ப்பேட்டையில்.
கொலுசுப் பட்டறைகளுக்கு ஊற்றிக் கொடுக்கும் செங்கோடன்
"எத்தனை கிலோ வெள்ளி?" என்றான்.
வெள்ளி இல்லை, மலை என்றேன்.
பில்லில் வெள்ளி என்றே எழுதினான்.

மெழுகின்மேல் மூன்று மாதம் கீறியிருந்தேன்:
சேர்வராயன்,
இருபது கொண்டை ஊசி வளைவு,
காப்பிக்கு நிழல் பிடிக்கும் சில்வர் ஓக்
ஒவ்வொன்றாக.

இரண்டாம் முறை இறக்கிய இரவு
கோடுகளெங்கும் குமிழி பூத்தது.
நசீரா கையில் ஒரு கோழி இறகு,
என் கையில் ஒன்று.
தூங்குகிற பிள்ளை முகத்தில் ஈ ஓட்டுவதுபோல
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
நெஞ்சு எரிந்தது. ஜன்னலைத் திறந்தோம்.
அந்த நேரமாகத்தான் இருக்கவேண்டும்,
பதினான்காம் வளைவருகே
மெழுகு விட்டுக்கொடுத்தது.

பிரஸ், பிலவேந்திரன் லேத்தில் கடைந்தது.
உருளை, எங்கோ ஆலையில் கழித்த இரும்பு.
சுற்ற நாலு பேர் வேண்டும்;
மூவர்தான் இருந்தோம்.
ஏற்காடு பஸ்ஸை விட்டு இறங்கி
சோற்றுக்குப் போய்க்கொண்டிருந்த
மாடி வீட்டு மாதையனைக் கூப்பிட்டோம்.

ஈரக் காகிதம். அதன்மேல் கம்பளி.
அவர் சக்கரத்தை ஸ்டீயரிங்காகவே பிடித்தார்,
கால் ஒன்று
இல்லாத கிளட்சைத் தேடியது.

இரு முனையிலும் பிடித்து உரித்தோம்.
கறுப்பாக எழுந்தது மலை.

மாதையன் தொடவில்லை.
ஓரங்குலம் மேலே காற்றில் விரல் வைத்து
அடிவாரத்திலிருந்து ஏறினார்.
முதல் வளைவில் விரல் நின்றது.
"இங்க வலது. நீ இடது போட்டிருக்கே."
அச்சில் புரண்டுதான் விழும், அண்ணே.
தகட்டில் உங்கள் ரோடு சரியாக இருக்கு.

தகட்டைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.
இரண்டு கையையும் காற்றில் திருப்பி
ஒருமுறை பழகிக்கொண்டார்.
பிறகு மறுபடி அடிவாரத்திலிருந்து,
இம்முறை தடுமாறாமல்,
உதட்டுக்குள் ஹாரன் அடித்தபடி.

பதினான்கில் மறுபடி பிரேக்.
"இங்க பள்ளம் கிடையாதே."

உள்ளங்கை அகலத்துக்கு
மை தேங்கிக் கிடந்தது.
நான் நசீராவைப் பார்த்தேன்.

"இப்ப இருக்குண்ணே" என்றாள்.

தலையாட்டினார்.
விரலைச் சற்றே ஒதுக்கி,
ஓரமாக எடுத்து,
பதினைந்துக்கு ஏறினார்.