தொண்ணூற்றாறாம் வாய்ப்பாடு

மணி பன்னிரண்டைத் தாண்டினால்
மூன்றாம் மாடியிலிருந்து கடுகெண்ணெய் வாசம்
ஒவ்வொரு படியாக இறங்கி
என் மேசைக்கு வந்துவிடுகிறது.
சுவரில் நானே ஒட்டிய அறிவிப்பு:
அறையில் சமைக்கக் கூடாது, மீறினால் ஐந்நூறு.
தமிழில், இந்தியில், வங்காளத்தில்.
வங்காளம் எதிர் மருந்துக்கடைப் பையன் எழுதித் தந்தது.
என்ன எழுதினானோ.

அறை பதினாலு. மொஃபிசுல் ஷேக், குல்னா.
மனைவி ஷெஃபாலி.
கூடவே ஒரு ஃபைல், தலையணை கனத்துக்கு.
காட்பாடியிலிருந்து ஆட்டோவுக்கு முந்நூறு கொடுத்தாராம்.
பஸ் பன்னிரண்டு ரூபாய் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது,
அந்த முகத்தை நான் பார்த்திருக்கவும் வேண்டாம்.
ஒரு நாள் வாடகை நானூற்றைம்பது என்றதும்
சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்,
தன் ஊர்க் காசில் பெருக்கி.

எனக்குத் தெரியும் அந்த உதடு.

ஆம்பூர் ஷூ கம்பெனி
மெஷின் பழக என்னை ஜூரிக்குக்கு அனுப்பியது.
பதினோரு நாள்.
சாப்பாட்டுக்குத் தினம் நாற்பது பிராங்க்,
மிச்சம் பிடித்தால் உன்னது என்றார் மேனேஜர்.
அந்த ஒரு வாக்கியம் போதாதா?
தொண்ணூற்றாறாம் வாய்ப்பாட்டை
எந்த வாத்தியாரும் அடித்துச் சொல்லித் தரவில்லை,
விமானம் இறங்கிய ஒரு மணி நேரத்தில் மனப்பாடம்.
டீ நாலு பிராங்க், முந்நூற்று எண்பத்து நாலு.
ரயிலடியில் ஒன்றுக்குப் போக ரெண்டு பிராங்க்,
நூற்றுத் தொண்ணூற்று ரெண்டு.
அடக்கிக்கொண்டு நடந்தேன்
ஏரி, பாலம், மணிக்கூண்டு எல்லாவற்றையும்.
போட்டோவில் நான் சிரிக்காததற்கு
வீட்டில் குளிர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தெருக்குழாய்த் தண்ணீர் சும்மா என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.
கல்தொட்டி, சிங்க வாய், ஐஸாய் ஊற்றுகிறது.
குனிந்து குடித்துவிட்டு
சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன்,
யாராவது பில் நீட்டுவார்களோ என்று.

கைலியில் சுற்றிக் கொண்டுபோன ரைஸ் குக்கர்.
பாட்டிலில் புளிக்காய்ச்சல்.
அறைக் கூரையில் புகையைக் காட்டிக்கொடுக்கும் பொத்தான்,
அதனால் சமையல் பாத்ரூமில்,
கதவிடுக்கில் ஈரத் துண்டு.
ஐந்தாம் நாள் ராத்திரி யாரோ தட்டினார்கள்.
பிளக்கைப் பிடுங்கி
கொதிக்கிற குக்கரை மடியில் வைத்துக்கொண்டு
கம்மோடின் மேல் உட்கார்ந்தேன், மூச்சு விடாமல்.
தட்டியவர் போய்விட்டார்.
எதற்கு வந்தார், இன்றுவரை தெரியாது.
தொடையில் அரை நிலா போல ஒரு தழும்பு.

மிச்சம் பிடித்ததில் குடியாத்தம் வீட்டுக்கு மோட்டார் போட்டேன்.
மோட்டார் இருக்கிறது. போரில் தண்ணீர் இல்லை.
கம்பெனியும் இல்லை.

இப்போது பாபுராவ் தெரு, இந்த லாட்ஜ், இந்த ராத்திரி.
அக்னி நட்சத்திரத்தில் சுவர் விடியும்வரை அனல் கக்கும்.
முதலாளி வஹாப் பாய்க்கு மூக்கு கூர்மை,
நாளைக்குக் காலை மாடி ஏறுவார்.
அதற்குமுன் சொல்லிவிடுவோம் என்று ஏறினேன்,
ஜன்னலைத் திறந்து வையுங்கள்,
எண்ணெயைக் குறையுங்கள்,
என்னவோ ஒன்று.

பதினாலில் கதவடியில் வெளிச்சம்.
கரண்டிச் சத்தம்.
தட்டினேன்.
கரண்டி நின்றது.

என் தொடை சுட்டது.

சொல்ல வந்த ஒன்றும் வாயில் இல்லை.
அந்த நேரம் கீழே லாரித் தண்ணீர் தொட்டியில் விழ,
"பானி, பானி வந்திருக்கு,
பக்கெட்டில் பிடிச்சு வைங்க" என்றேன்,
பாதி இந்தியில், பாதி கையில்.

கதவு ஒரு சாண் திறந்தது.
கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மொஃபிசுல்.
முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்த ஒரு கை.
வேலூர் வந்து ஒன்பது நாளில்
அவர் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லை எடுத்தார்:

"எவ்ளோ?"

ஒன்றுமில்லை என்றேன்.
குச் நஹி என்றேன்.
கையை விரித்துக் காட்டினேன்.
தலையாட்டினார்.
உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.